ஆக்சிலரேட்டரை மிதித்தும் கார் மந்தமா? இந்த வரிசையில் பாருங்கள்

கும்பகோணம் ரோட்டில் வைக்கோல் லாரியை ஓவர்டேக் பண்ண மிதிக்கிறோம், வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கிளம்புகிறது. பிஎஸ்6 (வண்டிப் புகைக்கு அரசு வைத்த கட்டுப்பாடு) கார் வைத்திருக்கும் பலரும் சொல்வதுதான் இது.

பழைய கார்களில் பெடலை மிதித்தால் கேபிள் நேராக இழுக்கும். இப்போது பெடலில் இருப்பது சென்சார். எவ்வளவு மிதித்தீர்கள் என்று அது ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குச் சொல்ல, எவ்வளவு எரிபொருள், எவ்வளவு காற்று என்பதை ஈசியூதான் முடிவு செய்கிறது. ஒரேயடியாகத் திறந்துவிட்டால் புகை கூடும் என்பதால் கம்பெனியே அதை நிதானப்படுத்தி வைத்திருக்கும். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 கட்டாயமானது, 2023 ஏப்ரலில் ரோட்டில் ஓடும்போது வரும் புகைக்கும் சோதனை வந்தது. அதனால் வாங்கிய நாளிலிருந்தே ஒரே மாதிரி மந்தம் என்றால் அது பெரும்பாலும் பழுதில்லை. போகப்போகக் கூடினால்தான் தேட வேண்டும்.

படி 1: கால்மிதி நகர்ந்து பெடலுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா, எரிபொருளை மிச்சப்படுத்தும் ஈகோ மோடு ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், சிலருக்கு இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: ஏர் ஃபில்டர். நம்ம பக்கம் இதுதான் பெரிய வில்லன். தை, மாசியில் சம்பா அறுவடை மெஷின் ஓடும் வயலோரம் நாலு நாள் போய்வந்தாலே போதும், நெல் சுணையும் பதரும் மடிப்பு மடிப்பாக அடைத்திருக்கும். இன்ஜினை நிறுத்திவிட்டு, பெட்டியின் கிளிப்பைத் திறந்து ஃபில்டரை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஒளி ஊடுருவவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். பேப்பர் ஃபில்டரைத் தண்ணீரில் கழுவவே கூடாது. திரும்ப மாட்டும்போது ரப்பர் விளிம்பு சரியாக உட்காராவிட்டால் தூசி நேராக இன்ஜினுக்குள் போகும்.

படி 3: டீசல் வண்டியா? கடைத்தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓட்டினால் டிபிஎஃப்பில் (புகையில் வரும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) கரி சேர்ந்து இழுவை குறையும். அதன் விளக்கு எரிந்தால் தஞ்சாவூர்–திருச்சி நாலு வழிச்சாலையில் சேர்ந்த கரி எரிந்துபோக சீரான வேகத்தில் இருபது நிமிஷம் போல ஓட்டுங்கள். எவ்வளவு வேகம், எந்த கியர் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர்தான்.

படி 4: பெட்ரோல் என்றால், இன்ஜினுக்குள் காற்றை அளந்து விடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருக்கலாம். இதை நீங்களே நோண்டாதீர்கள். சுத்தம் செய்தபின் சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டு ரீசெட் செய்ய வேண்டிவரும்.

அப்புறம் ஓட்டும் விதம். டர்போ வண்டியில் ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) கீழே கிடக்கும்போது எவ்வளவு மிதித்தாலும் இழுக்காது, லாரியை நெருங்கும் முன்பே ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிலரேட்டர் பெடலோடு இணைக்க ஆன்லைனில் விற்கும் பெடல் பாக்ஸ் என்ற சின்னக் கருவியை வாங்கலாமா என்றால், அது சென்சார் சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். பவர் ஒரு துளியும் அதிகமாகாது. வாரண்டி இருக்கும் வண்டியில் நான் மாட்ட மாட்டேன்.