கைல கிடைக்கிற பொருள வெச்சே பிரிண்ட் போடலாம்

பிரிண்ட் போட மெஷின்லாம் வேணாங்க, பாட்டில் மூடி, பபிள் ரேப், நூல், இலை இதுல எது கைல சிக்குதோ எடுத்துக்கோங்க, கூட அக்ரிலிக் பெயின்ட்டும் ஸ்பாஞ்சும் இருந்தா போதும்.

எல்லாமே பெயின்ட் அளவுலதான் இருக்கு. பொருள நேரா பெயின்ட்ல முக்கிடாதீங்க, பள்ளமெல்லாம் ரொம்பி டிசைனே தெரியாம போயிடும், ஸ்பாஞ்சுல கொஞ்சமா எடுத்து மேடான இடத்துல மட்டும் படுற மாதிரி ஒத்துங்க, தண்ணி கலக்காதீங்க. அப்புறம் அத பேப்பர்ல கவுத்து அழுத்துங்க, பேப்பருக்கு அடியில நாலஞ்சு நியூஸ்பேப்பர் வெச்சுக்கிட்டா அழுத்தும்போது சமமா பதியும்.

இலைன்னா பச்சை இலையே எடுங்க, காஞ்சது நொறுங்கிடும். நரம்பு எடுப்பா இருக்கிற அடிப்பக்கத்துல பெயின்ட் தடவி கவுத்து, மேல வேற பேப்பர் போட்டு விரலால தேய்ங்க, நகராம பாத்துக்கோங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது நூல்தான், ஒரு அட்டைத்துண்டுல குறுக்கும் நெடுக்குமா சுத்தி ஒட்டிட்டு அழுத்தினா அவ்ளோ அழகான கோடு வரும். மறுபடி பெயின்ட் தடவாம அப்படியே இன்னொரு தடவ அழுத்திப் பாருங்க, மங்கலா வர்ற அந்த ரெண்டாவது பிரிண்ட் சில நேரம் முதல்ல வந்தத விட நல்லாருக்கும். எழுத்து போடுறதா இருந்தா அட்டைல எழுத்த திருப்பி வெட்டுங்க, பதியும்போது இடவலமா மாறிடும்.

முடிச்ச உடனே மூடியெல்லாம் கழுவிடுங்க, அக்ரிலிக் காஞ்சா தண்ணில போகாது.