வாசகர் வட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் மாவட்டத்தில் அண்மையில் சில கிளை நூலகங்களில் வாசகர் வட்டங்கள் புதிதாகத் துளிர்த்திருக்கின்றன. மாதம் ஒரு நூல் அறிமுகம், ஒரு திரையிடல், பிள்ளைகளுக்குக் கதை நேரம் என்று இளைஞர்கள் ஓடியாடி வேலை செய்கிறார்கள். கூப்பிட்டால் போய் உட்கார்ந்து பார்ப்பேன். தொடக்கத்தில் எங்கள் வட்டம் இடறிய அதே இடங்களில்தான் இவர்களும் இடறுகிறார்கள். மைக்கை முன்கூட்டியே சரிபார்ப்பது, நேரத்துக்குத் தொடங்குவது எல்லாம் ஓரிரு மாதத்தில் தானாகப் பழகிவிடும். பழகாமல் தொடர்கிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

படம் முடியும்போது இரவல் மேசையில் ஆள் இல்லாதது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான்.

ஓர் ஊரில் ஒரு சிறுகதையைத் தழுவி எடுத்த படத்தைப் போட்டார்கள். நல்ல கூட்டம். படத்துக்குப் பிறகு பேச்சும் சூடாகப் போனது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எழுந்து, "அந்தக் கதை எந்தப் புத்தகத்தில இருக்கு சார்? இப்பவே எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். மேடையில் இருந்தவர் தொகுப்பின் பெயரைச் சொல்லி, நல்ல கேள்வி என்று பாராட்டவும் செய்தார். புத்தகம் அந்த நூலகத்திலேயே இருந்தது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. இருப்பவர் ஒரே நூலகர். அவரை வரவேற்புரைக்குக் கூப்பிட்டு, அப்புறம் புரொஜெக்டர் பக்கத்தில் நிற்கவைத்து, நன்றியுரை வரைக்கும் விடவில்லை. "அடுத்த வாரம் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு நூலகரிடம் விசாரித்தேன். அவள் வரவில்லையாம்.

கூட்டம் கலைந்ததும் அந்தத் தொகுப்பை அலமாரியில் தேடி எடுத்துப் பார்த்தேன். உள்ளே ஒட்டியிருந்த தேதிச் சீட்டு பழுப்பேறிக் கிடந்தது. கடைசி முத்திரை விழுந்து பல வருடம் ஆகியிருந்தது. அன்று மாலை அதில் ஒரு முத்திரை விழுந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று. இங்கே வாசகி நேரில் வந்து நின்று கேட்டாள். அந்தப் புத்தகமும் அவள் ஊர்க்காரர்கள் பணத்தில் வாங்கியதுதான். 1948-இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள்.

கிளை நூலகங்கள் பலவற்றில் ஒரே ஒருவர்தான் எல்லா வேலையும் பார்க்கிறார் என்பதை முதலில் மனத்தில் வையுங்கள். நிகழ்ச்சி நேரத்தில் அவரை மேசையை விட்டு எழுப்பக் கூடாது. வரவேற்புரை, புரொஜெக்டர், நாற்காலி, தேநீர் எல்லாம் வட்டத்தின் பொறுப்பு. அவரைக் கௌரவிக்க வேண்டுமென்றால் இன்னொரு நாள் தாராளமாகச் செய்யுங்கள்.

படத்தோடு ஒட்டிய புத்தகங்களை வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையில் முன்னட்டை தெரியும்படி பரப்புங்கள். மூலக்கதை, அதே எழுத்தாளரின் வேறு நூல், அந்த ஊரையோ தொழிலையோ பற்றிய கட்டுரைத் தொகுப்பு, பிள்ளைகள் படிக்க மெல்லிசாக ஒன்றிரண்டு. பக்கத்திலேயே உறுப்பினர் படிவம். அதற்கு என்ன சான்று, எவ்வளவு பணம் வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே போட்டுவிடுங்கள். கையில் நகல் இல்லாமல் வந்து திரும்புகிறவர்கள்தான் அதிகம். மூன்று மணி நேரப் படத்தைத் தேர்ந்தெடுத்தால் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற படம் போதும். மேசை மூடுவதற்குள் குறைந்தது அரைமணி நேரமாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அலமாரியைப் பார்க்காமல் போடும் பரிந்துரைப் பட்டியல்

"படிக்க வேண்டிய நூறு நூல்கள்" என்று எங்கிருந்தோ வரும் பட்டியலை வாட்ஸ்அப்பில் அப்படியே தட்டிவிடுகிறார்கள். வாசகர் வந்து கேட்டால் பாதி நூலகத்தில் இருக்காது. மீதியில் சில குறிப்புதவிப் பிரிவில் இருக்கும், வீட்டுக்குத் தர மாட்டார்கள். இரண்டு முறை வெறுங்கையோடு போனவர் மூன்றாம் முறை நம் பட்டியலைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

பட்டியலை அலமாரிக்கு முன்னால் நின்று எழுதுங்கள். பத்து நூல் போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி: யாருக்குப் பிடிக்கும், எந்த அடுக்கில் இருக்கிறது. ஒரே பிரதி உள்ள நூல் என்றால், கூடவே மாற்றாக இன்னொன்றையும் சொல்லுங்கள். நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் பல தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பாரதியார், புதுமைப்பித்தன் நூல்களைப் பரிந்துரைக்கும்போது அதையும் சேர்த்துச் சொன்னால் பிரதி கிடைக்காதவர் காத்திருக்க வேண்டாம்.

"டிக்கெட் வாங்கலையே, படம் போட்டா என்ன?"

இலவசமாகக் காட்டினாலும் பொதுத் திரையிடல் பொதுத் திரையிடல்தான். உரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். வீட்டில் பார்க்கக் கட்டும் ஓடிடி சந்தா இதற்குச் செல்லாது.

இந்தியாவில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1964-இல் வந்த படத்துக்கு 2024 முடிவோடு காலாவதி. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் நல்லவை ஏராளம், இந்தக் கணக்கைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். புதிய ஆவணப்படமோ குறும்படமோ வேண்டுமென்றால் எடுத்தவரிடமே எழுதிக் கேளுங்கள். ஊர் நூலகம் என்றால் மனமுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து ஊராக இருந்தால் நேரில் வந்து பேசவும் செய்வார்கள். அனுமதியை எழுத்தில் வாங்கி நூலகரிடம் ஒரு நகல் கொடுத்துவிடுங்கள். நாளைக்கு யாராவது கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சிறப்பு விருந்தினர் வரட்டும் என்று காத்திருப்பது

காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகளுக்கு எல்லாமே போட்டி

பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி, ஒப்பித்தல் போட்டி. மூன்று பேர் பரிசோடும் முப்பது பேர் வாடிய முகத்தோடும் வீட்டுக்குப் போகிறார்கள். அந்த முப்பது பேருக்கு நூலகம் என்றால் தோற்ற இடம் என்று பதிந்துவிடும். ஒருவர் கதையைச் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கட்டும். பாதியில் நிறுத்தி, புத்தகத்தைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள், மிச்சத்தை யார் முதலில் படிப்பது என்று சண்டையே வரும்.

எல்லாவற்றையும் நூலக வார விழாவில் கொட்டுவது

நவம்பர் 14 முதல் 20 வரை தினமும் நிகழ்ச்சி, டிசம்பரில் ஈ காக்கை கிடையாது. மாதம் ஒன்று, குறிப்பிட்ட ஒரு ஞாயிறு, அதே நேரம். ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள்.

குழுப் படத்தோடு முடிகிற அறிக்கை

எத்தனை பேர் வந்தார்கள் என்பதற்குக் கீழே, எத்தனை புத்தகம் இரவல் போனது, எத்தனை பேர் புதிதாக உறுப்பினரானார்கள் என்று இரண்டு வரி சேருங்கள். முதல் சில மாதம் அந்த எண்கள் சின்னதாகத்தான் இருக்கும். மறைக்காமல் எழுதுங்கள்.