உளவுப் பணி விவரங்களை வெளியிட்டால் என்ன தண்டனை? சட்டத்தைப் படிக்கும் முறை

உளவு அமைப்பு ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரின் நினைவுக் குறிப்புகளைச் சென்ற ஆண்டு மெய்ப்புப் பார்த்தேன். கைப்பிரதியின் நடுவே, எல்லைப்புற முகாம் ஒன்றின் வாயில், காவல் கோபுரம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றை நீல மையில் கோட்டுப்படமாக வரைந்திருந்தார். "இதில் ரகசியம் என்று முத்திரை எதுவும் இல்லையே, தம்பி" என்று அவர் சொன்னதை ஏற்று, நானும் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பது 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியங்கள் சட்டத்தை உட்கார்ந்து படித்த பிறகே புரிந்தது.

முதல் படி: சரியான நகல்

கடைகளில் கிடைக்கும் கையடக்கப் பதிப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மத்திய அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் உள்ள நகலில் ஒவ்வொரு திருத்தமும் அடிக்குறிப்பாக இருக்கும். 1967-ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்ந்த நகல்தானா என்று உறுதி செய்துகொண்டு, தாளில் அச்சிட்டு, பென்சிலோடு படியுங்கள்.

இரண்டாம் படி: 3-ஆம் பிரிவையும் 5-ஆம் பிரிவையும் பிரித்தறிதல்

3-ஆம் பிரிவு உளவு பார்ப்பதைப் பற்றியது. நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடான நோக்கம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. குற்றம் படைத்துறை நிலைகள், படை விவகாரங்கள் அல்லது ரகசியக் குறியீடு தொடர்பானதாக இருந்தால் 14 ஆண்டுகள் வரையும், மற்றவற்றில் 3 ஆண்டுகள் வரையும் சிறை. 5-ஆம் பிரிவு, கையில் உள்ள தகவலை உரிமையில்லாத ஒருவருக்குத் தெரிவிப்பதைப் பற்றியது. 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தெரிவித்தவர் மட்டுமன்றி, இச்சட்டத்தை மீறித் தரப்படுகிறது என்று அறிந்தே பெற்றுக்கொள்பவரும் இதில் அடங்குவார். பதிப்பாளர்கள் பலர் இந்த உட்பிரிவைக் கவனிப்பதில்லை.

மூன்றாம் படி: 'ரகசிய' என்ற சொல் எதைத் தழுவுகிறது?

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஆகவே இங்கே பொறுமையாகப் படியுங்கள். 'ரகசிய' என்ற அடைமொழி 3-ஆம் பிரிவில் உள்ள தொடரின் தொடக்கத்தில் வருகிறது: ரகசிய அலுவல் குறியீடு அல்லது கடவுச்சொல், பிறகு, வரைபடம், திட்டப்படம், மாதிரி, பொருள், குறிப்பு, ஆவணம், தகவல். அந்த அடைமொழி வரிசை முழுவதற்கும் பொருந்தும் என்றே நான் எண்ணியிருந்தேன். 3-ஆம் பிரிவைப் பொறுத்தவரை அது குறியீட்டையும் கடவுச்சொல்லையும் மட்டுமே தழுவும், வரைபடத்தையோ ஆவணத்தையோ தழுவாது என்று சாமா அலானா அப்துல்லா எதிர் குஜராத் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. அதாவது, முத்திரை இல்லாத கோட்டுப்படமும் சட்டத்தின் பிடிக்குள் வரலாம். 5-ஆம் பிரிவிலும் சொற்கள் ஏறத்தாழ இதே வரிசையில்தான் நிற்கின்றன. 'ரகசியம்' என்றால் என்ன என்ற வரையறையும் இச்சட்டத்தில் இல்லை. இதை நான் கடுமையான குறையாகவே கருதுகிறேன்.

இந்தக் குறையின் விலையை மனிதர்கள் கொடுத்திருக்கிறார்கள். இச்சட்டத்தின் கீழ் 2002 ஜூனில் கைதான பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியின் கணினியில் இருந்தது ஏற்கெனவே வெளியாகியிருந்த ஆய்வுக் கட்டுரை. அரசு வழக்கைத் திரும்பப் பெற்று, 2003 ஜனவரியில் அவர் வெளியே வரும்வரை ஏழு மாதங்கள் திஹார் சிறையில் இருந்தார்.

நான்காம் படி: எழுதியவர் எங்கே பணியாற்றினார்?

உள்நாட்டு உளவுக்கான ஐ.பி., வெளிநாட்டு உளவுக்கான ரா போன்ற அமைப்புகளில் பணியில் இருப்பவர்களுக்கு 1985-ஆம் ஆண்டின் உளவு அமைப்புகள் (உரிமைக் கட்டுப்பாடு) சட்டமும் உண்டு. பத்திரிகைத் தொடர்பையும் நூல் வெளியீட்டையும் கட்டுப்படுத்தும் அச்சட்டத்தை மீறினால் 2 ஆண்டுகள் வரை சிறை. ஓய்வுபெற்றவர்களுக்கோ 2021 மே மாத ஓய்வூதிய விதித் திருத்தம் பொருந்தும்: அமைப்பின் பணி தொடர்பாக எதையும் அமைப்புத் தலைவரின் முன் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது, மீறினால் ஓய்வூதியம் போகலாம். ஓய்வுபெற்ற பின் எழுதுவது ஆபத்தற்றது என்று எண்ண வேண்டாம். ரா பற்றி நூல் எழுதிய ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் வி.கே. சிங் மீது 2007-இல் சிபிஐ இந்த 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழேயே வழக்குப் பதிந்தது.

ஐந்தாம் படி: வழக்கு தொடங்கும் வழி

உரிய அரசின் ஆணையாலோ அதிகாரத்தாலோ தரப்படும் புகாரின்றி நீதிமன்றம் இக்குற்றத்தை விசாரணைக்கு ஏற்க முடியாது (13-ஆம் பிரிவு). விசாரணையிலிருந்து பொதுமக்களை விலக்கலாம். தண்டனையை மட்டும் திறந்த நீதிமன்றத்தில்தான் அறிவிக்க வேண்டும் (14-ஆம் பிரிவு).

பிற்சேர்க்கை

தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை மாற்றவில்லையா என்று வாசகர்கள் இருவர் கேட்டிருந்தார்கள். அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு, முரண்படும் இடத்தில் 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறி நிற்கிறது. எனினும் 24-ஆம் பிரிவு ஐ.பி., ரா போன்ற அமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் குற்றச்சாட்டுகள் தொடர்பான தகவல்களை மட்டும் கேட்கலாம்.

பெரியவரின் கோட்டுப்படத்தைக் கைப்பிரதியிலிருந்து எடுத்துவிட்டோம். எஞ்சிய பக்கங்கள் முன் அனுமதிக்காக அவருடைய பழைய அமைப்பின் தலைவருக்குச் சென்றுள்ளன.