அலுவலக முடிவுகளுக்கு ஒரு பதிவேடு: தொடங்குவோருக்கான செய்முறை

பணியிடத்தில் நாம் எடுக்கும் முடிவுகள் நாளடைவில் மேம்பட வேண்டுமானால், முடிவெடுக்கும் வேளையில் நமக்கு என்ன தெரிந்திருந்தது, எதை எதிர்பார்த்தோம் என்பதை அப்போதே எழுதிவைத்து, விளைவு தெரிந்த பிறகு எடுத்துப் பார்ப்பதைவிடப் பயனுள்ள வழியை நான் கண்டதில்லை. எழுதிவைக்காதபோது, நல்லபடியாக முடிந்ததெல்லாம் நம் திறமையாகவும், கெட்டுப்போனதெல்லாம் சூழ்நிலையின் குற்றமாகவும் மாறிவிடுகின்றன. யோசித்துச் செய்தது எது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது எது என்று பிரித்தறியவே முடிவதில்லை.

படி 1: எதை எழுதுவது

எல்லாவற்றையும் எழுதப் புகுந்தால் விரைவிலேயே கைவிட்டுவிடுவீர்கள். அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், பங்குதாரர்களுக்கான 2015-ஆம் ஆண்டுக் கடிதத்தில், நுழைந்தால் திரும்ப முடியாத ஒருவழிக் கதவு, பிடிக்காவிட்டால் திரும்பி வரக்கூடிய இருவழிக் கதவு என முடிவுகளை இருவகையாகப் பிரித்தார். இருவழிக் கதவுகளை விரைந்து முடித்துவிட்டு, ஆளெடுப்பது, ஒப்பந்தம் போடுவது, மென்பொருளை மாற்றுவது, ஒரு திட்டத்தை நிறுத்துவது போன்று, திரும்பப் பெறச் செலவு பிடிக்கும் முடிவுகளை மட்டும் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

படி 2: பதிவேட்டை அமைப்பது

ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். இதற்கென்றே விற்கப்படும் செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை கேட்கும் விவரங்களை நிரப்பும் அலுப்பிலேயே பழக்கம் நின்றுவிடுகிறது. தேதி, முடிவு, கைவிட்ட மாற்று வழிகள், முக்கியக் காரணங்கள், எதிர்பார்ப்பு, நிகழ்தகவு, சரிபார்க்கும் நாள் ஆகிய ஏழு பத்திகள் இருந்தால் தொடங்கிவிடலாம். கைவிட்ட வழிகளுக்கான பத்தி காலியாகவே கிடந்தால், நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை, வந்ததை ஏற்றுக்கொண்டீர்கள் என்றே அதற்குப் பொருள்.

படி 3: எதிர்பார்ப்பை எழுதுவது

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கணக்குப் பிரிவுக்குப் புதிய மென்பொருள் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 'இதனால் வேலை கணிசமாகக் குறையும்' என்று எழுதினால் ஆறு மாதம் கழித்து எது நடந்திருந்தாலும் அந்த வரி சரியாகவே தோன்றும். 'மார்ச் மாதக் கணக்கை முடிக்க இப்போது ஆகும் ஆறு வேலைநாட்கள் நான்காகவோ அதற்கும் கீழாகவோ குறையும், 70%' என்று எழுதினால் தப்பிக்க வழியில்லை. முடிவில் சம்பந்தப்படாத ஒருவர், உங்களிடம் எந்த விளக்கமும் கேட்காமல், குறித்த நாளில் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல முடிகிறதா என்பதே இதற்கான சோதனை.

சதவீதம் போடத்தான் பலருக்கும் தயக்கம். பத்துச் சீட்டுகளில் ஏழுக்குப் பரிசு உள்ள ஒரு பெட்டியையும் உங்கள் கணிப்பையும் எதிரெதிரே வைத்து, பரிசு பெற எதன்மேல் பந்தயம் கட்டுவீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியை நாடினால் உங்கள் நம்பிக்கை 70 சதவீதத்துக்கும் குறைவு. எண்ணைக் குறைத்து மறுபடி கேளுங்கள்.

நினைவை நம்பி இந்த எண்ணை எழுதாமல் விடக்கூடாது. 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் போவதற்கு முன், அப்பயணங்களில் எவை நடக்கக்கூடும் என்று மாணவர்களிடம் நிகழ்தகவு கேட்டு வாங்கிய ஃபிஷ்ஹாஃப், பெய்த் என்ற ஆய்வாளர்கள், பின்னர் தாங்கள் கொடுத்த எண்களை நினைவுகூரும்படி அவர்களைக் கேட்டார்கள். நடந்ததாகத் தெரிந்த நிகழ்வுகளுக்கு, உண்மையில் கொடுத்ததைவிட அதிக எண்ணைக் கொடுத்திருந்ததாக மாணவர்கள் பொதுவாக நினைத்துக்கொண்டார்கள் என்பதை ஆய்வாளர்கள் 1975-இல் வெளியிட்டார்கள். விளைவு தெரிந்தபின் பழைய கணிப்பு தானாகவே திருத்தி எழுதப்பட்டுவிடுகிறது.

படி 4: தோல்வியை முன்கூட்டியே விசாரிப்பது

கையெழுத்திடுவதற்கு முன், உளவியலாளர் கேரி கிளைன் 2007-இல் பரவலாக அறிமுகப்படுத்திய முறையைச் செய்து பாருங்கள். 'ஓராண்டு கழிந்துவிட்டது, இந்தத் திட்டம் படுதோல்வி அடைந்துவிட்டது, ஏன்?' என்று குழுவிடம் கேட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியே எழுதச் சொல்லி, பிறகு ஒவ்வொன்றாகப் படிக்கச் செய்யுங்கள். தனித்தனியே எழுதுவதைத் தவிர்த்துவிட்டு நேராக விவாதத்துக்குப் போனால், மேலதிகாரி முதலில் சொன்ன காரணத்தையே மற்றவர்கள் வேறு வேறு சொற்களில் திரும்பச் சொல்வார்கள்.

படி 5: சரிபார்ப்பது

குறித்த நாளில் முதலில் காரணங்களைப் படியுங்கள், விளைவைப் பிறகு பாருங்கள். மதிப்பெண் வேண்டுமென்றால், வானிலைக் கணிப்புகளை அளப்பதற்காக கிளென் பிரையர் 1950-இல் வெளியிட்ட முறையின் எளிய வடிவம் போதும்: நடந்தால் 1, நடக்காவிட்டால் 0 என வைத்து, அதற்கும் உங்கள் எண்ணுக்கும் (70% என்றால் 0.7) உள்ள வேறுபாட்டை வர்க்கமாக்குங்கள். 70% என்று சொன்னது நடந்தால் 0.09, நடக்காவிட்டால் 0.49; குறைவாக இருப்பதே நல்லது. எல்லாவற்றுக்கும் 50% என்று எழுதுபவருக்கு எப்போதும் 0.25 கிடைக்கும் என்பதால், உங்கள் சராசரி அதற்கும் மேலே போனால் எண்களில் மிகையான நம்பிக்கை கலந்திருக்கிறதா என்று பாருங்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய பதிவுகளை வைத்துக்கொண்டு இந்தச் சராசரியை நம்ப வேண்டாம்; அதுவரை காரணங்களைப் படிப்பதே பயன்தரும்.

பிற்சேர்க்கை: முடிவெடுப்பவர் மேலாளர்தான், எனக்கு எதற்குப் பதிவேடு என்று சிலர் கேட்டிருந்தார்கள். அவர் எடுத்த முடிவு என்ன ஆகும் என்ற உங்கள் கணிப்பை எழுதுங்கள், பயிற்சி அதேதான். இந்தக் குறிப்புகள் நாளை தங்களுக்கு எதிராகவே பயன்படுத்தப்படுமோ என்ற அச்சமும் நியாயமானது. ஆகவே முடிவும் காரணங்களும் மட்டும் கொண்ட ஒரு பிரதியைக் குழுவின் பொதுக் கோப்பில் வைத்துவிட்டு, சதவீதங்கள் உள்ள தாளை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் ரகசியத் தொகைகளையோ பிறர் பெயர்களையோ எழுத வேண்டாம்.