வளைகுடா வெயிலில் வேலை: முதல் வாரம்தான் கண்டம்

அபுதாபியில் கட்டுமான சைட்டுகளில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். ஜூன் பிறந்தால் என் கண் முதலில் தேடுவது இரண்டு பேரை: புதிதாக வந்த தம்பி, லீவு முடிந்து ஊரிலிருந்து திரும்பிய அண்ணன். வெயிலில் சுருண்டு விழுகிறவர்களில் இவர்கள்தான் அதிகம். "நாங்க பாக்காத வெயிலா" என்று முதல் நாளே முழு மூச்சாக இறங்கிவிடுவார்கள்.

உடம்பு வெயிலுக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். பழகிய உடம்பு சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையோடு போகும் உப்பு குறையும், இதயம் படபடக்காது. ஒரு மாதம் ஏசி அறையிலோ மழை நாளிலோ இருந்துவிட்டு வந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். பத்து வருஷம் இங்கே உழைத்தவருக்கும் அப்படித்தான். ஆகவே புதியவர் முதல் நாள் வழக்கமான வேலையில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வெயிலில் செய்யட்டும். அடுத்தடுத்த நாளில் ஒவ்வொரு பங்காகக் கூட்டலாம். அனுபவசாலி பாதியில் தொடங்கி நாலாம் நாள் முழு வேலைக்கு வரலாம். லீவு முடிந்து என்றைக்கு வந்தீர்கள் என்பதைப் போர்மேனிடம் நீங்களே சொல்லுங்கள். இதில் கூச்சத்துக்கு இடமே இல்லை.

தண்ணீரைத் தாகத்துக்காகக் காத்திருந்து குடிக்க வேண்டாம். 15, 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் போதும். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் அதுவே ஆபத்தாகும். விடிகாலை பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சாப்பாட்டை விடாதீர்கள், இழக்கும் உப்பு திரும்பக் கிடைப்பது அதில்தான். வியர்வை ஆறாக ஓடும் நாளில் ஓஆர்எஸ் கலந்து குடிக்கலாம். பிரஷருக்கு நீர் மாத்திரை எடுப்பவர்கள் கோடைக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிடுங்கள். தாமாக நிறுத்த வேண்டாம்.

அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை நேரடி வெயிலில் வேலை வாங்கத் தடை உண்டு. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் 3.30 வரை. அந்த நேரத்தில் போனைத் தள்ளி வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள்.

ஆகஸ்டில் கடலோரத்தில் நிலைமையே வேறு. வெப்பமானி 38 காட்டும், ஆனால் வறண்ட 45-ஐவிட அது கொடுமையாக இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை சொட்டுமே தவிர உலராது. உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். அப்படிப்பட்ட நாளில் இடைவேளையை ஏசி உள்ள இடத்தில் எடுப்பதுதான் மருந்து.

குளிக்க ஒரு வழி. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கிறதென்றால், ஹீட்டரின் சுவிட்சை அணைத்து வையுங்கள். அறைக்குள் இருக்கும் ஹீட்டரிலேயே தேங்கி ஆறிய தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாயில் வரும்.

இனி, எல்லாவற்றையும்விட முக்கியமானது. தலைவலி, வாந்தி உணர்வு, தசைப்பிடிப்பு வந்தால் உடனே நிழலுக்கு வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடியுங்கள். பக்கத்தில் நிற்பவர் உளறினாலோ, தள்ளாடினாலோ, காரணமில்லாமல் கோபப்பட்டாலோ, மயங்கினாலோ அது வெப்பவாதம், உயிர் போகும் நிலை. தோல் வறண்டுதான் இருக்க வேண்டும் என்பதில்லை, வேலையில் விழுபவர் வியர்வையில் நனைந்தும் இருப்பார். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் பேசட்டும், அமீரகத்தில் 998. மற்றவர்கள் அந்த நிமிடமே குளிர்விக்கத் தொடங்குங்கள். ஹெல்மெட், பூட்ஸ், உடம்பை மூடும் கவரால் உடுப்பு எல்லாவற்றையும் கழற்றி, உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை ஊற்றி, விசிறுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸை வையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அவரைத் தனியே அறைக்கு அனுப்பிப் படுக்கச் சொல்வது அதைவிட மோசம்.

சைட்டின் எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியும் என்பதை இன்றைக்கே கேட்டு, லொகேஷனைப் போனில் சேமித்து வையுங்கள்.