வோல்ட்டும் தெரியும், ஆம்பியரும் தெரியும், அப்புறம் கணக்கு ஏன் தப்புகிறது?

மேட்டூர் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரும்வரை குறுவை நாற்றங்காலை போர்செட்தான் காப்பாற்ற வேண்டும். ஜூன் மாதம் ஊரில் இருக்கிற அத்தனை மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும், வீட்டில் 230 இருக்க வேண்டிய வோல்ட்டேஜ் 180க்கு இறங்கிவிடும். அப்படி ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையன் ஒரு கணக்கோடு வந்தான். இஸ்திரிப்பெட்டியில் 1000 வாட் என்று போட்டிருக்கிறது, வோல்ட்டேஜ் 180, அதனால் 1000-ஐ 180-ஆல் வகுத்தால் 5.5 ஆம்பியர், ஆக வோல்ட்டேஜ் குறைந்தால் இஸ்திரிப்பெட்டி அதிகக் கரண்ட் இழுக்கும், சரிதானே அண்ணா என்றான்.

வகுத்தல் சரி, விடை தப்பு. பெட்டியில் எழுதியிருக்கும் 1000 வாட் 230 வோல்ட்டுக்கு மட்டும் எழுதியது. வோல்ட்டேஜ் மாறினாலும் அதிகம் மாறாமல் இருப்பது உள்ளே இருக்கும் காயிலின் மின்தடைதான். முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும், வோல்ட்டின் வர்க்கத்தைத் திறனால் வகுத்தால் மின்தடை: 230 × 230 ÷ 1000 = 52.9 ஓம். இப்போது 180-ஐ 52.9-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர், திறன் வெறும் 612 வாட். துணி சுருக்கம் போகாமல் அம்மா திட்டுவதற்குக் காரணம் இந்த 612தான்.

மேலோட்டமாகப் பார்த்தால் வேறு வேறு தவறுகளாகத் தெரியும், ஆனால் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் போய் முட்டும். சூத்திரத்தில் போடும் வோல்ட்டும் ஆம்பியரும் ஓமும் ஒரே பொருளுக்கு உரியதாக, ஒரே நேரத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒன்றை அங்கேயும் இன்னொன்றை இங்கேயும் எடுத்துப் போட்டால் விடை வரும், அது எதற்கும் உதவாது.

பழைய 100 வாட் குண்டு பல்பு இதற்கு நல்ல உதாரணம். அணைந்திருக்கும்போது மீட்டரை வைத்தால் 40 ஓம் பக்கம் காட்டும். அதை வைத்து 230-இன் வர்க்கத்தை வகுத்தால் 1300 வாட்டுக்கு மேல் வரும், நிச்சயம் பல்பு அப்படி எரியாது. எரியும்போது இழை வெள்ளையாகக் கொதிக்கிறது, மின்தடை 529 ஓம் பக்கம் ஏறிவிடுகிறது. குளிர்ந்த ஓமையும் எரியும்போதுள்ள வோல்ட்டையும் சேர்த்ததுதான் தப்பு.

ஒயரில் வீணாகும் திறனைக் கணக்கிடுவதில் இதே தப்பைப் பெரியவர்களும் செய்கிறார்கள். வீட்டிலிருந்து 100 மீட்டர் தள்ளி கொல்லையில் ஒரு சின்ன மோட்டார், 2.5 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போக 100, திரும்பி வர 100, ஆக 200 மீட்டர் (திரும்பி வருவதை மறப்பது தனித் தவறு). அதன் மின்தடை ஒன்றரை ஓம் அளவு. இதில் 230-இன் வர்க்கத்தை 1.5-ஆல் வகுத்து 35,000 வாட் என்று சொன்னால் ஒயர் அந்த நொடியே புகைந்து போயிருக்க வேண்டும். அந்த 230 ஒயரின் மேல் விழுவதில்லை. 7 ஆம்பியர் ஓடினால் ஒயரில் விழுவது 7 × 1.5 = 10.5 வோல்ட், வீணாவது 7 × 7 × 1.5 = 73 வாட் மட்டும். ஒயர் கணக்குக்கு ஆம்பியரின் வர்க்கத்தை ஓமால் பெருக்கும் வழிதான் ஆபத்தில்லாதது.

இனி மோட்டார். இங்கே ஓம் விதியை (வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர்) அப்படியே கொண்டுபோய் மாட்டக் கூடாது. காயிலை ஓம் மீட்டரில் பார்த்தால் சில ஓம்தான் இருக்கும், அதை வைத்து 230-ஐ வகுத்தால் நூறு ஆம்பியர் பக்கம் போகும். ஓடும் மோட்டாரில் மின்தடையைத் தவிர காந்தப்புலமும் கரண்டைத் தடுக்கிறது. மூன்று பேஸ் மோட்டாரில் இன்னொரு குழி: 5 எச்பி மோட்டாரில் டாங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் பார்க்கும் மீட்டர்) 7.5 ஆம்பியர் காட்டுகிறது, வோல்ட்டேஜ் 415, 415 × 7.5 என்று பெருக்கினால் 3112 வாட். 5 எச்பி என்றால் தண்டில் வெளியே தரும் திறனே 3730 வாட், வாங்குவதைவிட அதிகம் கொடுக்கும் மோட்டார் எந்தக் கடையில் விற்கிறது? மூன்று பேஸுக்கு உரிய 1.732-ஆலும் (3-இன் வர்க்கமூலம்), பவர் ஃபேக்டர், அதாவது வோல்ட் ஆம்பியர் பெருக்கலில் உண்மையான திறனாகும் பங்கு, 0.85 என்றால் அதனாலும் பெருக்க வேண்டும், அப்போது 4580 வாட் வரும், கணக்கு உட்காரும்.

பையன் விடவில்லை. வோல்ட்டேஜ் குறைந்தால் கரண்ட் குறையும் என்றால் அப்பாவின் மோட்டார் காயில் ஏன் எரிந்தது என்றான். நல்ல கேள்வி. இஸ்திரிப்பெட்டி கிடைத்ததை வைத்துச் சூடாகும், மோட்டார் அப்படி விடாது. இறைக்க வேண்டிய தண்ணீர் அதே அளவு, வேகமும் ஏறக்குறைய அதேதான், அதனால் குறைந்த வோல்ட்டேஜை ஈடுகட்ட அதிகக் கரண்ட் இழுக்கும். 415 இருந்த இடத்தில் 312 வந்தால் 7.5 ஆம்பியர் கிட்டத்தட்ட 10 ஆகிவிடும். வோல்ட்டும் ஆம்பியரும் பெருக்கினால் பழைய திறனேதான் வருகிறது, ஒன்றும் ஆகாது என்று தோன்றும். ஆனால் காயிலுக்குள் எழும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது 1.8 மடங்கு பக்கம் ஏறுகிறது. கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலேயை ‘அடிக்கடி விழுகிறது’ என்று அதன் அளவைக் கூட்டி வைத்திருந்தால் மிச்சக் கதையைக் காயில் கட்டுகிறவர் சொல்வார்.

மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறப்பது எல்லோருக்கும் வருவது. 12 வோல்ட் பேட்டரியில் 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் எல்இடிக்குத் தொடர் ரெசிஸ்டர் வேண்டும் என்றால், ரெசிஸ்டரில் விழும் மீதி 9-ஐ 0.02-ஆல் வகுத்து 450 ஓம். 12-ஐப் போட்டாலும் தப்பு, 20-ஆல் வகுத்தாலும் தப்பு.

அளக்கும்போது கரண்ட் இருக்கும் இடத்தில் ஓம் பார்க்காதீர்கள். மீட்டரின் ஆம்பியர் துளையில் ஒயர் இருக்கும்போது அதை பிளக்கில் வைக்கவே வைக்காதீர்கள், ஆம்பியர் நிலையில் மீட்டருக்கு மின்தடை கிட்டத்தட்ட இல்லை, 230-ஐ ஏறக்குறைய பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று யோசியுங்கள். அவசரத்தில் நான் அதைச் செய்தேன். ஒரு வெடிச் சத்தம், வீடு இருட்டு, சிவப்பு முனையின் நுனியைக் காணோம். அந்த மீட்டர் இன்னும் பரணில் இருக்கிறது, வோல்ட் மட்டும் காட்டும்.