விதியில் பிறந்து விதியை மீறும் ‘வியர்ட்’

சென்ற ஆண்டு, சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில், இங்கே சிங்கப்பூரில் என்னிடம் டியூஷன் படிக்கும் தொடக்கநிலை ஆறு மாணவி ஓர் ஆங்கிலக் கட்டுரை எழுதிக்கொண்டு வந்தாள். இருட்டும் நேரம். அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே தகரத் தொட்டியில் காகிதம் எரிகிறது. சாம்பல் பறக்கிறது. புல்வெளி ஓரத்தில் ஆரஞ்சுப் பழமும் ஊதுவத்தியும். நன்றாகவே எழுதியிருந்தாள். நடுவில் ஒரு வரி: ‘சில வியர்ட் (விசித்திரமான) மனிதர்கள் அங்கே நின்றிருந்தார்கள்.’ அந்த ஒரு சொல்லைச் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்தேன். எழுத்துக்கு ஒரு சுழி, பொருளுக்கு ஒரு சுழி.

முதலில் எழுத்து. டபிள்யூவுக்கு அப்புறம் ஐ போட்டு, அதன் பிறகு இ போட்டிருந்தாள். சரியான வரிசை டபிள்யூ-இ-ஐ-ஆர்-டி. பெரியவர்களும் இதில் தடுமாறுகிறோம். கைப்பேசி தானாகவே திருத்திவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ தாளில் பேனா எதையும் திருத்தித் தராது.

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். “ஐ பிஃபோர் இ, எக்ஸெப்ட் ஆஃப்டர் சி, டீச்சர்!” என்று பாட்டுப் போலச் சொன்னாள். ஐ முன்னால், இ பின்னால், சி-க்குப் பிறகு மட்டும் மாறி வரும் என்கிற பழைய விதி. ‘பிலீவ்’, ‘பீஸ்’, ‘ஃபீல்ட்’ எல்லாம் அதற்கு அடங்கும். ‘ரிசீவ்’, ‘சீலிங்’ சி-க்குப் பிறகு வருவதால் மாறும். ஆனால் ‘சீஸ்’ (பிடி, பறி என்று பொருள்படும் சொல்), ‘புரோட்டீன்’, ‘கஃபீன்’ எதுவும் இந்த விதியைக் கேட்பதில்லை. ‘சயன்ஸ்’ஸில் சி-க்குப் பிறகே ஐ முந்திக்கொள்கிறது. 2009இல் இங்கிலாந்து அரசு ஆசிரியர்களுக்கு வெளியிட்ட கையேடு, விலக்குகள் இத்தனை இருப்பதால் இந்த விதியைக் கற்பிக்க வேண்டாம் என்றே சொன்னது. நம் வீடுகளில் இன்னும் பாட்டாக ஒலித்துக்கொண்டிருக்கிறது.

மனத்தில் நிற்க ஒரு வழி உண்டு. இந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்து ‘வீ’, அதாவது ‘நாம்’ என்பதற்கான ஆங்கிலச் சொல். அதை முதலில் எழுதிவிட்டால் மீதி தானாக வரும்.

இன்னொரு தவறும் அடிக்கடி பார்க்கிறேன்: ஆருக்குப் பிறகு இ போட்டு ‘வயர்ட்’ ஆக்கிவிடுவது. கம்பி இணைத்தது என்று பொருள்படும் அதுவும் நிஜமான சொல்தான். அதனால் கணினி அதைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது. உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் தாடியைக் குறிக்கும் ‘பியர்ட்’ உடன் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒரே ஓசை.

சரி, ஏன் இந்தச் சொல் மட்டும் இப்படி அடம்பிடிக்கிறது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

பழைய ஆங்கிலத்தில் ‘விர்ட்’ என்று ஒரு பெயர்ச்சொல் இருந்தது. அதன் பொருள் விதி. ஒருவருக்கு வந்தே தீருவது, தலையெழுத்து. வள்ளுவர் 38ஆம் அதிகாரத்தில் ‘ஊழ்’ என்று சொல்வதற்குப் பக்கத்தில் நிற்கிற சொல். ‘ஆகுதல்’ என்று பொருள்படும் வினையோடு அதற்கு உறவு. ஜெர்மன் மொழியில் அந்த வினை ‘வெர்டன்’ என்று இன்றும் புழங்குகிறது. இன்னும் பின்னோக்கிப் போனால் ‘திரும்பு, சுழல்’ என்கிற பொருள் கொண்ட ஒரு பழைய வேர். சமஸ்கிருதத்தின் ‘வ்ருத்’ அதே வேரில் கிளைத்தது. அதிலிருந்துதான் ‘வர்த்தமானம்’ வந்தது. இலங்கைத் தமிழர்கள் அரசிதழை ‘வர்த்தமானி’ என்கிறார்களே, அதற்கும் இந்த ஆங்கிலச் சொல்லுக்கும் தூரத்து உறவு!

பிறகு தெற்கே, இங்கிலாந்தில், அந்தச் சொல் மெல்ல வழக்கொழிந்தது. வடக்கே ஸ்காட்லாந்தில் பிழைத்துக்கொண்டது. உன் விதியை நீதான் அனுபவிக்க வேண்டும் என்பதற்கு அங்கே இந்தச் சொல்லையே வைத்து ஒரு வழக்கு உண்டு. ஸ்காட்லாந்துக்காரர்கள் தலையைக் குறிக்கும் சொல்லைக்கூட இ, ஐ என்ற வரிசையில்தான் எழுதுவார்கள். உயிரோசையை நீட்டிக் காட்ட ஐ சேர்ப்பது அவர்கள் பழக்கம். நாம் மனப்பாடம் செய்கிற அந்த இ-ஐ வரிசை அவர்கள் வீட்டு வழக்கம்.

அங்கிருந்து அதை உலகத்துக்குக் கொண்டுவந்தது ஷேக்ஸ்பியர். ஸ்காட்லாந்து மன்னனைப் பற்றிய ‘மேக்பெத்’ நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’ என்று பெயர். உயர்நிலைப் பள்ளியில் இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் இதை ‘வித்தியாசமான சகோதரிகள்’ என்று புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. அவர்கள் விதியைச் சொல்கிற சகோதரிகள். நீ அரசனாவாய் என்று முன்கூட்டியே சொல்கிறவர்கள். 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் இந்தச் சொல்லின் எழுத்தே வேறு மாதிரி அச்சாகியிருக்கிறது. லண்டன் அச்சகத்தாருக்கே அது பழக்கமில்லாத சொல்லாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தச் சகோதரிகளின் அமானுஷ்யச் சாயல் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ‘விசித்திரமான’ என்கிற இன்றைய பொருள் வந்து சேர்ந்தது.

விதி என்று பொருள்பட்ட சொல், எழுத்து விதிக்கு விலக்காக நிற்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் இதை நம் பிள்ளைகளிடம் தமிழிலேயே சொல்லலாம். நான் சொன்னபோது அந்தப் பெண்ணின் கண் விரிந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த எழுத்தைத் தவறவிட்டதில்லை.

இரண்டாவது சுழிக்கு வருகிறேன். ‘வியர்ட்’ என்பதற்கு அகராதியில் ‘விசித்திரம்’ என்று இருக்கும். என் காதுக்கு அதைவிடப் பொருத்தமானது நாம் வாயால் சொல்கிற ‘ஒரு மாதிரி’. ‘அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு மாதிரி இருந்தது’ என்றால் கேட்பவருக்கும் லேசாகச் சிலிர்க்கும். ‘அந்த ஆள் ஒரு மாதிரி’ என்றாலோ அது வசை. ஆங்கிலச் சொல்லும் அப்படியே: இடத்துக்கும் ஓசைக்கும் கனவுக்கும் சொன்னால் வருணனை, மனிதருக்குச் சொன்னால் தீர்ப்பு. புதிதாக, அழகாக, அரிதாக இருப்பதற்கெல்லாம் அது பொருந்தாது. லிஃப்டில் ஏதோ வாடை என்று புகார்க் கடிதம் எழுதும்போதும் வேண்டாம், அங்கே ‘அன்யூஷுவல்’ போதும்.

“அந்தக் காகிதத்தை அவங்க யாருக்காக எரிக்கிறாங்க தெரியுமா?” என்று அவளிடம் கேட்டேன்.

“செத்துப்போன சொந்தக்காரங்களுக்கு.”

“தைப்பூசத்துக்கு உங்க மாமா காவடி எடுக்கிறார். அதைப் பார்த்து ஒருத்தர் இந்தச் சொல்லை எழுதினா?”

அவள் பதில் சொல்லவில்லை. அழிப்பானை எடுத்தாள். அந்த வாரம் திருத்தி எழுதி வந்த தாளில் அதே சொல், அதே பத்தியில், வேறு இடத்தில் இருந்தது: ‘தொட்டியிலிருந்து புகை வியர்ட் உருவங்களாக எழுந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி, சாம்பல் கண்ணில் படும், தள்ளி நில் என்று எனக்குக் கை காட்டினார்.’ இ முன்னால், ஐ பின்னால்.